மூக்கில்லாத கெண்டி

சுதந்திரத்துக்கு முந்திய காலம். ஓவிய டீச்சர் வேலை வேண்டுமென்றால் டிராயிங் பரீட்சையில் தேற வேண்டும். அதற்காகப் புதுக்கோட்டைக்குப் போனேன். கூடத்தின் நடுவில், முக்காலி மேல் ஒரு பித்தளைக் கெண்டி. அதைப் பார்த்து வரைய வேண்டும். வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். ஆண்களோடு உட்காரக் கூடாதென்று, கெண்டிக்குப் பின்பக்கம் சுவரோரமாக எனக்குத் தனிப் பலகை போட்டார்கள்.

அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் ஊற்றும் மூக்கு தெரியவே இல்லை. கெண்டியின் உருண்ட வயிறு அதை மறைத்திருந்தது. தெரிந்ததை வரைந்தேன். வயிற்றில் விழுந்த ஜன்னல் வெளிச்சத்தைக்கூட விடவில்லை.

பரீட்சை அதிகாரி வந்து பார்த்தார். "ஏம்மா, கெண்டிக்கு மூக்கு எங்க?"

"இங்கிட்டு இருந்து தெரியலைங்க சார். நீங்களே ஒக்காந்து பாருங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்தே பார்த்தார்.

"தெரியலதான். ஆனா மூக்கு இல்லாட்டி அது செம்பாப் போயிரும்மா. ஒரு மூக்கைப் போட்டுக் குடு, பாஸ் போட்டுடுறேன்."

பென்சிலைக் கீழே வைத்தேன். "என்னைய இங்க ஒக்கார வச்சது நீங்கதானுங்க. இங்கேருந்து தெரியுறதுதான் படத்துல வரும்."

ஃபெயில்.

"ஒரு மூக்கைப் போட்டா கொறஞ்சா போயிருவ?" என்று ஆத்தா திட்டினாள். என் கண்ணுக்கும் கைக்கும்தான் பரீட்சை என்று நம்பிப் போயிருந்தேன். அவர்கள் மார்க் போட்டது தங்கள் மனத்தில் இருந்த கெண்டிக்கு.

மறு வருஷமும் போனேன். அதே கெண்டி. "முன்னால வந்து ஒக்காரும்மா" என்றார்கள். நேராகச் சுவரோரப் பலகைக்குப் போய் உட்கார்ந்தேன்.

மூக்கு அன்றும் தெரியவில்லை. அன்றும் நான் அதை வரையவில்லை.