அப்பாவின் எழுத்தில் நான் அடித்த கடிதம்

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்குக் குரல் இல்லை. ஆஸ்பத்திரியில் நோட்டில் எழுதித்தான் பேசினார்கள். ஒருநாள் காலை அப்பா நர்ஸிடம் நோட்டை நீட்டினார்கள்: "ஊசி போடறீங்களா, மைன்ஸ்ல டிரில் போடறீங்களாம்மா?" நர்ஸ் சிரித்தார். நான் எழுத்தைப் பார்த்தேன். சாய்ந்து, அவசரமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் எழுத்து. எழுத்து வடிவமைப்பதுதான் என் தொழில்; இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் ஃபாண்ட் ஆக்கியே தீர வேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

அப்பா பிறந்த ஊர் இன்று இல்லை; சுரங்கத்துக்குப் போய்விட்டது. நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த ஒரே வேலை பெரியப்பாவுக்கு. அவர் பெர்மனென்ட் ஆகிக் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் போனார். அப்பா மந்தாரக்குப்பம் வாடகை வீட்டில், கடைசிவரை கான்ட்ராக்ட் தொழிலாளி. அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது.

கட்டம் போட்ட தாள்களை அப்பாவின் மடியில் வைத்து எல்லா எழுத்தையும் கேட்டேன். விரல் சோர்ந்தபோதும் நான் விடவில்லை. "மைன்ஸ்லகூட டீக்கு வுடுவாங்கடி" என்று ஓரத்தில் எழுதினார்கள். நான் அடுத்த தாளை வைத்தேன்.

ஃபாண்ட் தயாரானது. ஜூஸ் கடை போர்டு, பிறந்தநாள் அட்டை, பேக்கரி டப்பா, எதில் போட்டாலும் துள்ளியது.

அந்த வாரம் அப்பா எழுதினார்கள்: "அண்ணன ஒரு தடவ பாக்கணும்."

"நீங்களே எழுதிக் கூப்பிடுங்கப்பா."

"மாட்டேன். அவரா வரணும்" என்று அடியில் எழுதினார்கள்.

அன்றே கோடு போட்ட தாளில், அப்பாவின் எழுத்தில், வரச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் அடித்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இவ்வகை எழுத்து நாலைந்து சொல்லுக்குத்தான் தாங்கும்; பக்கம் முழுக்கப் போட்டால் வேஷம் கலைந்துவிடும். தெரிந்தேதான் போட்டேன்.

பெரியப்பா விரல் வைத்துப் படித்தார்.

"ஆறு எடத்துல அண்ணான்னு இருக்குது. ஆறும் ரப்பர் ஸ்டாம்பு குத்தன மாதிரி. என் தம்பி ஒரே எழுத்த ரெண்டு தடவ ஒரே மாதிரி எழுதனதே இல்ல. யார ஏமாத்திகினு இருக்கற?"

"பாக்கணும்னு அப்பா சொன்னது நெசம் பெரியப்பா."

"அப்ப அவன் கையால எழுதட்டும். வரேன்."

அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அப்பா உடனே பேனா கேட்டார்கள். 'அ' விழுந்தது. அடுத்த எழுத்துக்கு விரல் மடங்கவில்லை. அந்த ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு நான் குவார்ட்டர்ஸுக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. மறுநாள் அப்பா போய்விட்டார்கள்.

பெரியப்பா மாலையோடு வந்தார். வாசலில் அஞ்சலி பேனர், அதே ஃபாண்டில். "இது அசல் அவன் எழுத்து" என்று சொல்லி அழுதார். பேனரில் இருந்தவை மூன்றே சொற்கள்.

முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், ரத்தம் கொடுத்த அப்பாவின் ஷிப்ட் நண்பர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் நன்றி. பெரியப்பா, உங்கள் மாலைக்கும்.

அடுத்து, அந்த ஃபாண்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வடிவம் வைக்கப்போகிறேன். மாறி மாறி விழும்படி. சிலவற்றுக்கு அப்பாவிடமிருந்து ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. ஒரே பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகிய அண்ணன் தம்பிக்குச் சாய்வு ஒன்றாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கட்டத்தாளோடு வருகிறேன், பெரியப்பா. மீதி வடிவங்களை உங்கள் கையால் எழுதுங்கள்.