ரிவர்ஸ் லைட்டு

வெக்கத்த விட்டுச் சொல்றேன். சின்ன வயசுல, காருக்குப் பின்னாடி எரியுற வெள்ள லைட்டு நான் கத்துனாத்தான் எரியும்னு நம்பிக்கிட்டிருந்தேன். பிரிஞ்சாங் பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, எவனாவது ரிவர்ஸ் எடுத்தா, ஓடிப்போய் பின்னாடி நின்னு "எரியுது!"ன்னு கத்துவேன். எல்லாரும் திட்டுவாங்க. கடை வெச்சிருந்த ஒரு சீனத் தவுக்கே மட்டும் தேங்க்யூ சொன்னாரு.

இந்தக் கிறுக்கு புடிச்சது அத்தை கல்யாணத்தன்னிக்கு. அத்தைன்னா அப்பாவோட தங்கச்சி. மாப்பிள்ளை பிரிஞ்சாங்ல கார் மெக்கானிக். ரெண்டு பேரும் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசுனதில்ல. "எண்ணெப் பிசுக்குக் கையி, எனக்கு வேணாம்"னு அத்தை ஒரே அழுகை.

கோயிலு தானா ராத்தா டவுன்ல. அப்பா அப்பத்தான் வாங்குன பழைய ஆட்டோ கியர் கார்ல பொண்ண ஏத்திச் சாவியத் திருப்புறாரு, மூச்சே இல்ல. எங்க தேயில எஸ்டேட்டுல இதுக்கு ஒரே வைத்தியம்தான். எறக்கத்துல தள்ளு! லயத்துச் சனமே சேந்து தள்ளுச்சு. ஆட்டோ கியர் வண்டியத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. பொண்ணோட சேத்து வண்டி தேயிலச் செடியில மூக்கக் குத்தி நின்னுச்சு.

"வண்டிக்கே இஷ்டமில்லண்ணே. கல்யாணத்த நிப்பாட்டிருங்க." அத்தை சொன்னதும் அப்பா மொகம் செத்துப் போச்சு.

சேதி கேட்டு மாப்பிள்ளையே மோட்டார் சைக்கிள்ல வந்துட்டாரு, பட்டு வேட்டியோட. சக்கரத்துக்குக் கல்லு வெச்சு, சாக்க விரிச்சு அடியில பூந்தாரு.

"கியர் எதுல இருக்குன்னு வண்டிக்குச் சொல்ற சுவிட்சு நகந்துருச்சு லா. நீங்க பார்க்கிங்ல போட்டாலும் வண்டி நம்பல."

அப்பா பதட்டத்துல கியர மாத்தி மாத்திப் போடுறாரு. அத்தை அவர ஒதுக்கிட்டு, கூரைப்பொடவையோட டிரைவர் சீட்டுல ஒக்காந்துச்சு.

"நியூட்ரல்ல போடுங்க."

"போட்டாச்சு."

அடியில நட்டத் தளத்தி, சுவிட்ச மயிரிழை திருப்பி, திரும்ப முறுக்குற சத்தம்.

"இப்ப ரிவர்ஸ். தம்பி, பின்னாடி வெள்ள லைட்டு எரியுதா?"

"இல்ல மாமா!"

"மறுபடியும் நியூட்ரல். கோவமாப் போடாதீங்க."

"எனக்கென்ன கோவம்?"

"கியருக்குத் தெரியுதுங்களே."

வண்டிக்குள்ள 'க்ளுக்'னு ஒரு சத்தம். அதுவும் கியர்தான்னு நெனச்சேன்.

"ரிவர்ஸ்!"

எனக்குப் பொறுக்கல. எரியுறதுக்கு முன்னாடியே "எரியுது!"ன்னு கத்திட்டேன். கத்துன பொறவு எரிஞ்சுச்சு பாருங்க! பனி மூட்டத்துல பாலு ஊத்துன மாதிரி. மேலெல்லாம் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

"டிரைவ்ல போட்டுச் சாவியத் திருப்புங்க. வண்டி எந்திரிக்கக் கூடாது." எந்திரிக்கல. "பார்க்கிங்." உர்ருனு உறுமுச்சு. லயமே கை தட்டுச்சு. நான் எனக்குத்தான்னு எடுத்துக்கிட்டேன்.

போன தீபாவளிக்கு அத்தை வீட்டுல பிள்ளைங்க முன்னாடி பெருமையாச் சொன்னேன், அன்னிக்கு நான் கத்தலன்னா இந்தக் கல்யாணமே நடந்திருக்காதுன்னு.

அத்தை முறுக்குத் தட்ட என் பக்கம் தள்ளிட்டுச் சொல்லுச்சு: "ஒன் சத்தத்த யாருடா கேட்டா? நான் அடியிலருந்து வந்த கொரலத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."