உடையாத பொம்மைகளால் பட்ட பாடு

புத்தகத்தை இரவல் கொடுக்கிறவர்களுக்கு அது திரும்பி வருமா என்று கவலை. பொம்மையை இரவல் கொடுத்துப் பிழைத்த எனக்கோ, அது போன மாதிரியே திரும்பி வருகிறதே என்று கவலை. சொட்டு மருந்து, சத்துமாவு, குடும்ப நலம் என்று ஏதாவது ஒரு நல்ல காரியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் இதைப் படித்தால், நடுநடுவே ‘ஆமாம்பா, எனக்கும் இதேதான்’ என்று தலையாட்டுவீர்கள். ஆட்டுங்கள். நமக்கு வேறு யார் ஆறுதல் சொல்லப் போகிறார்கள்?

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த குடும்பங்கள் ஊருக்கு வெளியே, கரமனை ஆற்றோரம் ஒரு காலனியில் இருந்தன. அங்கே ஓர் அறை, அறை நிறையப் பொம்மைகள். மத்தியானம் பிள்ளைகள் அங்கேயே விளையாடலாம். சாயங்காலம் ஆளுக்கொரு பொம்மையை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில நாள் வைத்துக்கொள்ளலாம். அப்பாவும் அம்மாவும் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தால் வீட்டில் அடியும் கூச்சலும் குறையும், அப்பா கள்ளுக்கடையில் இருக்கும் நேரமும் குறையும் என்பது திட்டம்.

எங்கள் தலைவி சூசம்மா மேடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு வருடம் பார்ப்போம், பொம்மைகள் பத்திரமாக இருந்தால் அறை அங்கேயே நிலைக்கும், இல்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றார். அந்த அறை இல்லாவிட்டால், அம்மா வேலை முடிந்து வரும்வரை வெளியே பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். அதனால் அந்த நிபந்தனை என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எந்தக் கையில் ஊசி?

முதல் நாள் அறையைத் திறந்து, பொம்மைகளை அழகாக அடுக்கி, வாசலில் புன்னகையோடு நின்றேன். ஒரு பிள்ளைகூட வரவில்லை. தூரத்தில் நின்று எட்டிப் பார்ப்பதும், நான் கையை அசைத்தால் ஓடுவதுமாக இருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாய்க்குட்டிப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு நானே காலனிக்குள் போனேன். கண்ணெதிரே கதவுகள் சாத்திக்கொண்டன.

கடைசியில் பொன்னுத்தாய் என்ற பெண் மட்டும் வெளியே வந்தாள். கொத்தனார் சுடலையின் மனைவி. காலையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்திருந்தாள். இடுப்பில் அவள் மகள் மாரி, நாலு வயதிருக்கும், என் பொம்மையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொன்னுத்தாய் மகளின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு என் முன்னால் நீட்டினாள்: “ஊசி போடணும்னா இப்பமே போட்டுட்டுப் போங்க சார். பொம்மையைக் காட்டிப் பிள்ளைய ஏமாத்தாதீய.”

லைப்ரரி மாப்பிள்ளை

அந்தச் சமயத்தில் வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடு கரமனைத் தெருவில். நான் தினமும் பையில் குரங்கும் கரடியும் எட்டிப் பார்க்க சிட்டி பஸ் ஏறுவதைத் தெருவே பார்த்தது. அம்மா பாவம், கேட்பவர்களிடம் எல்லாம் “லைப்ரரியில் உத்தியோகம்” என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஊருக்குள்ளேயே ஸ்ரீவராகத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். காபி குடித்துவிட்டு, “எந்த லைப்ரரியாக்கும்?” என்று கேட்டார். எனக்குப் பொய் வராது. பொம்மை லைப்ரரி என்று ஆரம்பித்து, குழந்தையின் மன வளர்ச்சி, குடும்ப நலம், தகப்பனின் பொறுப்பு என்று பயிற்சி வகுப்பில் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அம்மா உள்ளே போய்விட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார், பிறகு சொன்னார்: “எல்லாம் ரொம்ப நன்னாத்தான் இருக்கு. பென்ஷன் உண்டோ?”

தங்கமான பிள்ளைகள்

ஊசி பயம் தெளிந்ததும் கூட்டம் வர ஆரம்பித்தது. வந்தது, எடுத்தது, போனது. திரும்பி வந்த பொம்மைகளைப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். ஒரு கீறல் இல்லை, ஒரு அழுக்கு இல்லை. கடையிலிருந்து இறக்கியபோது இருந்ததைவிடப் பளபளப்பு அதிகம். நான் தலைகால் புரியாமல் நடந்தேன். ஒரு வருடம் என்ன, பத்து வருடத்துக்கு இந்த அறையை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சூசம்மா மேடம் வந்து பார்த்தார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் பேசப் பிடிக்கும், ஆனால் மலையாளம் விடாது. “மணி, இத்ர நல்ல குட்டிகளை நான் கண்டதே இல்ல. என்ட வீட்டுல ரெண்டெண்ணம் உண்டு. கொஞ்ச நாளைக்கு இங்க கொண்டு விடட்டா?”

தலைக்கு மேலே ஒரு பொம்மை

பெருமை தாங்காமல் ஒரு சாயங்காலம் பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனேன். பிள்ளை எப்படி விளையாடுகிறாள் என்று கண்ணால் பார்த்துவிட ஆசை. மாரி தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அண்ணாந்து பார்த்தேன். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், பாலிதீன் கவர் போட்டு, மேலே ரப்பர் பேண்டும் போட்டு, எங்கள் அறையின் கண் மூடித் திறக்கும் பொம்மை நின்றுகொண்டிருந்தது. சாயங்கால விளக்கோடு அதற்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டியிருப்பார்கள் போல, மணமாக இருந்தது.

பக்கத்து வீடு, எதிர் வீடு, அதற்கடுத்த வீடு என்று ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் பொம்மை உச்சியில், பிள்ளை தரையில். இத்தனை நாளும் நான் பார்த்துப் பூரித்த பளபளப்பு இதுதான். முதலில் சிரிப்பு வந்தது. பொன்னுத்தாயிடம் திரும்பி வந்து, “அக்கா, இது விளையாடத்தானே கொடுத்தது?” என்று கேட்டேன். அவள் என்னைப் புத்தி கெட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை: “எங்க வீட்டுல உள்ளதுலயே நல்ல சாமான் இது ஒண்ணுதான் சார். இதைப் போயி யாராவது பிள்ள கையில குடுப்பாவளா?”

நடுத்தெருவில் நான்

கூட்டம் போட்டேன். உடைந்தால் உடையட்டும், கொடுங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள், வீட்டுக்குப் போய் இன்னொரு கவர் போட்டார்கள். உடைந்தால் அறை போய்விடும் என்ற செய்தி எப்படியோ அவர்கள் காதுக்கும் போயிருந்தது. அந்தப் பயம் எனக்கும்தான் இருந்தது. ஆனால் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிற்பதற்காகவா நான் குரங்கையும் கரடியையும் பஸ்ஸில் சுமந்தேன்? கோபம் வந்தால் எனக்கு வெட்கம் தெரியாது.

ஒரு மர யானையின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, காலனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கல்லும் சேறும் பார்க்காமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தேன். பிளிறவும் செய்தேன். முதலில் மாரி பின்னால் வந்தாள், அப்புறம் மற்ற பிள்ளைகள், கடைசியில் ஒரு ஊர்வலமே. வாசல்களில் அம்மாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்குத்தான் சில வீடுகளில் கவர் கழன்றது. காலனி முனையில் டீக்கடை வைத்திருந்தவர், ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு வாடிக்கையாளரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “பாவம், நல்ல பையன்தான். காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சிருக்கணும்.”

எண்ணெய் வைத்த தலை

கவர் கழன்றதும் பொம்மைகளுக்கு வாழ்வு வந்தது. ஒரு பொம்மை தையற்கடைத் துண்டுத் துணியில் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு வந்தது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. தலையில் சொட்டச் சொட்டத் தேங்காய் எண்ணெய், அதன்மேல் இறுக்கமாக ரெட்டைச் சடை. அந்த முடி எண்ணெய்க்காகச் செய்த முடி அல்ல. என் சட்டையெல்லாம் எண்ணெய். கொண்டுவந்த பெண்ணிடம் கொஞ்சம் முகத்தைச் சுளித்துவிட்டேன். அவளுக்கு வந்ததே கோபம்!

“இத்தனை நாளு எங்க வீட்டுல இருந்துட்டுப் போறா. தலைக்கு எண்ணெ வைக்காம அனுப்புனா ஊரு என்ன சார் சொல்லும்?”

கொத்தனார் கட்டிய வீடு

சுடலை ஆள் ஆறடி, அதற்கேற்ற அகலம். வேலை முடிந்தால் நேரே கள்ளுக்கடை, அங்கிருந்து வீடு, அப்புறம் சத்தம். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்தது கிடையாது. ஒரு நாள் சாயங்காலம், உடம்பில் சிமெண்டோடு அறை வாசலில் வந்து நின்றார். பொன்னுத்தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி எழுந்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, மாரி கொண்டுபோன மரக்கட்டைகளை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தினமும் நேரே வீட்டுக்குப் போய் அதைத்தான் அடுக்குகிறாராம். எதற்கு என்று கேட்டேன். காலால் தரையைக் கீறிக்கொண்டே சொன்னார்: “நான் கட்டுனது சாஞ்சிட்டு சார். மவ அதைப் போயி எங்க மேஸ்திரி கிட்டயே சொல்லிட்டா.”

ஏறிக்கோ அப்பா

சந்தோஷத்துக்கு விலை இருந்தது. கரடிக்குக் காது போயிற்று, யானைக்குத் தும்பிக்கை போயிற்று. இருக்கிறதிலேயே பெரிதாக, ஒரு பிள்ளை உட்கார்ந்து ஓட்டுகிற சிவப்பு பிளாஸ்டிக் கார் ஒன்று இருந்தது. அது ஒரு வாரம் பொன்னுத்தாய் வீட்டில் இருந்துவிட்டு, சப்பாத்தியாகத் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து வருடம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சூசம்மா மேடம் முடிவு சொல்ல வந்தார். காலனியே அறையில் கூடியிருந்தது. நான் முந்தின நாள் ராத்திரியே தூங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடம் காரைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. “இது ஆராக்கும் ஒடச்சது?” என்றார். பொன்னுத்தாய் மகளை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். என் கை தவறி விழுந்தது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து சுடலை எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார். “பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீய. நான்தான் மேடம். ‘ஏறிக்கோப்பா, சாலைக் கடைத்தெருவுல எறக்கி விடுதேன்’னா. ஏறிட்டேன்.”

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காரைப் பார்த்தார். முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த டிரைவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மூட்டை கட்ட வேண்டாம், அறை இங்கேயே இருக்கட்டும், உடைந்ததற்கெல்லாம் புதிது வாங்கலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் காலனி போட்ட கூச்சலில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் பொம்மை அலமாரிப் பக்கம் திரும்பி நின்று கொஞ்சம் அழுதேன். சத்தம் அடங்கியதும் சுடலை தயங்கித் தயங்கி மேடத்தின் அருகே போனார்: “காரு வாங்கும்போது எனக்குந் தாங்குற மாதிரி ஒண்ணு பாத்து வாங்குங்க மேடம்.”

குழந்தைகளுக்கான திட்டம் என்றுதான் பலகையில் எழுதி மாட்டியிருந்தோம், ஆனால் அதில் நன்றாகத் தேறிய குழந்தைகளில் பாதிப் பேருக்கு மீசை இருந்தது.