பிச்சுமணி விட்ட இடைவேளை

மாயவரம் பிச்சுமணிக்கு ஜெர்சி சிட்டியில் வேலை கிடைத்ததே அண்ணன் புண்ணியத்தில்தான். யூதர்களின் முதியோர் இல்லம் ஒன்றில் நாற்காலி போடுவது, விளக்கு மாற்றுவது என்று எடுபிடி வேலை. அதுவும் தற்காலிகம். வேலை நிரந்தரமானால்தான் பர்வதத்தை வரவழைக்க முடியும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கல்யாணமான மூன்றாம் மாதமே மனைவியை விட்டு வந்த மனுஷன், பாவம். முடிவு சொல்ல வேண்டியவள் நிர்வாகி மிஸ் ராபின். அவளைக் கண்டாலே இவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்.

எண்பத்து நான்கு கோடையில் ஒரு ஞாயிறு, புரொஜெக்டர் ஓட்டுகிறவர் வரவில்லை. பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. பழைய ஊமைப்படம். நடுநடுவே யூதர்களின் வீட்டுமொழியான யிட்டிஷில் எழுத்துகள் வரும். பிச்சுமணிக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. தெரிந்து என்ன ஆகவேண்டும்? கிராமத்துக் கல்யாணத் தரகன் ஒருவன் ஒரே மாப்பிள்ளையை இரண்டு வீட்டுக்குப் பேசி முடித்துவிட்டுத் திருதிருவென்று முழிக்கிறான். இதற்கு மொழி வேறு வேண்டுமா!

கல்யாண நாளும் வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்வீட்டு ஊர்வலம், அந்தப் பக்கம் இன்னொன்று, நடுவில் மாப்பிள்ளை. பிச்சுமணியின் கை தானாகப் போய் மெஷினை நிறுத்தியது. விளக்கைப் போட்டு, “இன்டர்வெல்!” என்று கத்தினார்.

அவர்மேல் தப்பில்லை. நம் ஊரில் இப்படி ஒரு முடிச்சு விழுந்தால் அடுத்த நொடி இடைவேளைதான். அமெரிக்காவில் அந்த வழக்கமே கிடையாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

“மெஷின் ரிப்பேரா?” என்று ஓடிவந்தாள் மிஸ் ராபின்.

“இல்லை மேடம்… காபி… பாத்ரூம்…”

அவள் பார்த்த பார்வையில் பர்வதத்தின் பயணமே ரத்தாகிவிட்டது போலிருந்தது.

அதற்குள் ஹாலில் ஒரே ரகளை. “பணக்காரியைத்தான் கட்டுவான்!” என்றார் ஒரு தாத்தா. “எவளையும் கட்டமாட்டான், ஆற்றில் குதிப்பான்!” என்றாள் சக்கர நாற்காலிக் கிழவி. வழக்கமாகப் பாதிப் படத்தில் குறட்டை விடுகிறவர்கள், தங்களுக்குச் சம்பந்தம் பேசிய தரகர்களைத் திட்டிக்கொண்டே காபி குடித்தார்கள். மீதிப் படத்துக்கு ஹாலே குலுங்கிச் சிரித்தது.

படம் முடிந்ததும் மிஸ் ராபின் வந்தாள். “நாளையிலிருந்து நீ நிரந்தரம். ஞாயிற்றுக்கிழமைப் படம் உன் பொறுப்பு. எங்கே நிறுத்துவது என்பதையும் நீயே பார்த்துக்கொள்” என்றாள்.

மறுநாள் காலை மாயவரத்துக்கு ட்ரங்க் கால் போட்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார்.

“பேஷ்!” என்றாள் பர்வதம். “அது சரி, கடைசில அவன் எந்தப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிண்டான்?”

“யாருக்குத் தெரியும்? வேலை போச்சு, இனிமே நீ வரமாட்டேன்னு ஒரே அழுகை. கண்ணுல ஜலம் ரொம்பி ஸ்க்ரீனே தெரியலை.”

அந்தப் பக்கம் பர்வதம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“சீக்கிரம் டிக்கெட் போடுங்கோ,” என்றாள். “நான் வந்து பார்த்துச் சொல்றேன்.”