இரண்டு தோணிகளுக்கு நடுவே

உமாராணி கராத்தே கற்றுக்கொள்ளப் போனது இளைப்பு நோய்க்காக. குளிர்காலம் வந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். அவள் அப்பா சொரிமுத்து தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர், பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி வேண்டும், ஓடட்டும், ஆடட்டும் என்றார். மாதா கோயில் பள்ளிக்கூட மைதானத்தில் அப்போது கராத்தே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கூடப் படித்த ஈவாஞ்சலின் அங்கே போய்க்கொண்டிருந்ததால் இவளையும் சேர்த்துவிட்டார்.

ஒரு வருஷத்தில் இளைப்பு விட்டுவிட்டது. உமாராணிதான் வகுப்பை விடவில்லை. ஓடி வந்து, எழும்பி, காற்றில் இடுப்பைத் திருப்பி உதைப்பதை அவளைப்போல அங்கே யாரும் செய்யவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது சென்னையிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி ஊருக்கு வந்தது. படத்தின் பெயர் ‘பாய்மரப் பையன்’. சரக்குத் தோணியில் எடுபிடி வேலை பார்க்கும் அநாதைப் பையன் ஒருவன், கப்பலில் வந்த பர்மாக்காரர் ஒருவரிடம் சண்டை கற்று, துறைமுகத்து ரவுடிகளை எதிர்த்து நின்று ஆளாகிற கதை. உச்சக்கட்டத்தில் பையன் ஒரு தோணியிலிருந்து அடுத்த தோணிக்குப் பாய்ந்து, பாய்கிற வேகத்திலேயே வில்லனை உதைக்க வேண்டும். நடிக்க வந்த பையன் நன்றாக அழுவான், சிரிப்பான். தோணி விளிம்பில் நின்று கீழே தண்ணீரைப் பார்த்ததும் மட்டும் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சண்டை மாஸ்டர் ஆள் தேடி மைதானத்துக்கு வந்தார். பையன்கள் எல்லாரும் அந்த நடிகனைவிட வளர்த்தியாக இருந்தார்கள். உயரமும் தோளும் ஒத்துப்போனது உமாராணிக்குத்தான். வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள் என்று தெரிந்து, ஈவாஞ்சலின் வீட்டுக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். படப்பிடிப்பு நடந்த துறைமுகத்தில் அவள் தலைமுடியைப் பையன் மாதிரி ஒட்ட வெட்டினார்கள். கால்சட்டையும் கிழிந்த பனியனும் கொடுத்தார்கள். அவள் குதித்தாள். உதைத்தாள். இறங்கும்போது இடது முழங்கால் ஒரு இரும்பு வளையத்தில் இடித்தது. வலியைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து நின்றாள். துறையில் நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சொரிமுத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகளுடைய தலையைப் பார்த்தார். அடிக்கவில்லை. “என்னளா பண்ணிட்டு வந்திருக்க?” என்று கேட்டவர், அவள் சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாளே அம்மா அவளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டாள். கேட்டவர்களிடம் எல்லாம், டைபாய்டு வந்து பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டது என்று சொன்னார்கள். திரும்பி வந்ததும் சொரிமுத்து அவளைப் பத்ரகாளி அம்மன் முன்னால் நிறுத்தினார்.

“ஆம்பளப் பயக் கூட்டத்துல, ஆம்பளத் துணி போட்டுக் குதிச்சவளுன்னு தெரிஞ்சா ஒன்ன எவனும் கட்ட மாட்டான். யாருட்டயும் சொல்லப்பிடாது. நாளைக்குக் கட்டிக்கப் போறவன்ட்டயும் சொல்லப்பிடாது. சத்தியம் பண்ணு.”

அவள் சத்தியம் செய்தாள். கராத்தே வகுப்பும் அதோடு நின்றது.

படம் வந்தது. ஊரே போய்ப் பார்த்தது. உமாராணியும் ஈவாஞ்சலினும் தெரியாமல் மதியக் காட்சிக்குப் போனார்கள். காற்றில் பாய்கிற உருவம், கால் தரையில் படுவதற்கு முன்னால் ஒரு நொடி தலையைத் திருப்பும். அந்த நொடியில் திரையில் தெரிந்தது உமாராணியின் முகம். கண்ணைச் சிமிட்டினால் போய்விடும். ஈவாஞ்சலின் அவள் தொடையைக் கிள்ளிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த முகத்தைக் கண்டுகொண்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். பிறகு ஈவாஞ்சலின் நர்ஸ் வேலைக்குக் குவைத் போனாள். அங்கிருந்து எங்கே போனாள் என்று தெரியவில்லை.

உமாராணிக்குக் கல்யாணம் ஆனது. கணவர் மகாராஜன் ஓட்டப்பிடாரத்துக்காரர். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மெதுவாகப் பேசுகிற, யாரையும் நோகடிக்காத மனிதர். கல்யாணமான புதிதில் அவர் அவளிடம் ஆசையாகச் சொன்ன கதைகளில் ஒன்று, ‘பாய்மரப் பையன்’ பார்க்க ஊரிலிருந்து சைக்கிள் மிதித்துத் தூத்துக்குடிக்கு வந்தது. அதுவும் ஒரு தடவை இல்லை. தியேட்டரிலிருந்து படத்தை எடுக்கிற வரைக்கும் வந்துகொண்டே இருந்தாராம்.

“கத எனக்கு வேண்டாம். அந்த ஒரு குதிதான். அதப் பாத்துட்டுத் திரும்பிப் போவும்போது மேடே தெரியாதுளா” என்று சிரித்தார்.

டி.வி.யில் அந்தப் படம் போட்டால் அவர் கடையை அடைத்துவிட்டு வந்துவிடுவார். உச்சக்கட்டம் நெருங்கும்போது அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். “ஏளா உமா, வா. குதிக்கப் போறான்.” அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நிற்பாள். அவர் பாய்ச்சலைப் பார்ப்பார்; அவள் அவரைப் பார்ப்பாள். சில நாள் அவர் அவளுடைய இடது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்ததும் உண்டு. “எங்கன விழுந்தேன்னு சொன்ன?” என்று கேட்பார். “சின்னதுல, கெணத்துப் படியில” என்பாள்.

சொரிமுத்து இறந்த பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் பொய் பழகிப்போயிருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருஷங்கள் போயின. மகாராஜன் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு சாயங்காலம் அவள் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று அவர் கேட்டால்? அந்தக் கேள்வியோடு அவரை அனுப்பிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. “தண்ணி வேணுமா?” என்று மட்டும் கேட்டாள். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

அதன் பிறகு அவள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. கடையை அவளே நடத்தினாள். மகள் இந்துமதி ஒரு பேங்கில் வேலை பார்த்துக்கொண்டு கூட இருந்தாள்.

மகாராஜன் இறந்து மூன்றாம் வருஷம், ‘பாய்மரப் பையன்’ படத்தைப் புதிதாக எடுக்கப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. சொன்னபடியே வந்துவிட்டார்கள். டைரக்டர் பெவின் இந்த ஊரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர், முப்பதைத் தாண்டியவர். ஒரு சனிக்கிழமை மதியம் அவரே உமாராணியின் கடைக்கு வந்து, மறுவாரம் எடுக்கப்போகிற காட்சிகளை நகல் எடுக்கக் கொடுத்தார். இந்துமதியும் அன்று கடையில் இருந்தாள்.

தாள்களை வைத்து வைத்து எடுக்கும்போது உமாராணியின் கண் ஒரு வரியில் நின்றது. ‘தோணியிலிருந்து தோணிக்குப் பாய்கிறாள்.’

“சார், பாய்கிறான்னு வரணும்லா? தப்பா அடிச்சிருக்கு” என்றாள்.

“இல்லம்மா. இந்தத் தடவை ஹீரோவே பொண்ணுதான். இப்ப உள்ள பிள்ளைங்களுக்காக எடுக்கிறோம். கொஞ்சம் மாத்தியிருக்கோம்.”

உமாராணி மெஷினின் மூடியைச் சாத்தினாள். “அன்னைக்கும் குதிச்சது பொண்ணுதான் சார்.”

“யாரும்மா?”

“நான்தான்.”

இந்துமதி எண்ணிக்கொண்டிருந்த தாள்களைக் கீழே வைத்தாள். பெவின் சிரித்தார், கேலியாக இல்லை, பொறுமையாக. “ஊருக்கு வந்ததுல இருந்து நாலஞ்சு பேரு என்கிட்ட இப்படிச் சொல்லிட்டாங்கம்மா.”

“கால் கீழ படுறதுக்கு முன்னால தல ஒரு தடவ இங்கன திரும்பும். நிறுத்திப் பாருங்க. அது அந்தப் பையன் மொகம் இல்ல.”

பெவினின் சிரிப்பு நின்றுவிட்டது. செல்போனை எடுத்து, படத்தை ஓடவிட்டு, அந்த இடத்தில் நிறுத்தி அவளிடம் நீட்டினார். பளிச்சென்று, நேற்று எடுத்தது போல இருந்தது. கழுத்து அவளுடையது. விரித்த கை அவளுடையது. முகம் அந்தப் பையனுடையது.

“இது இல்ல” என்றாள். திரும்பவும் பார்த்தாள். “இது இல்லையே சார்.”

பெவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். “போன வருஷம் பழைய படத்தச் சுத்தம் பண்ணி மறுபடி வெளியிட்டோம்மா. அந்த இடத்துல டூப்போட முகம் தெரியுதுன்னு கம்ப்யூட்டர்ல பையன் முகத்த வச்சாங்க. நான்தான் வைக்கச் சொன்னேன்.” கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். “அந்த முகத்தப் பெருசு பண்ணி நான் பாத்திருக்கேன். நீங்கதாம்மா அது.”

பழையது எங்கேயாவது இருக்குமா என்று இந்துமதி கேட்டாள். விசாரிக்கிறேன் என்று போனவர், மறுநாள் போன் செய்தார். படச்சுருள் ஒட்டிப்போய்க் கெட்டிருந்ததால் தூர எறிந்துவிட்டார்களாம். திருத்தின பிரதியை மட்டும்தான் வைத்திருக்கிறார்களாம். மன்னிப்புக் கேட்டார். புதுப் படத்தில் உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றார். உமாராணி “சரி சார்” என்றாள்.

இந்துமதி விடவில்லை. யாரோ எந்தக் காலத்திலோ டி.வி.யிலிருந்து பதிவு செய்து இணையத்தில் போட்ட ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அந்த நொடியில் நிறுத்தினாள். கண்ணும் மூக்கும் கரைந்துபோன ஒரு சாம்பல் நிற வட்டம் தெரிந்தது. பெரிதாக்கினால் அதுவும் கட்டம் கட்டமாக உடைந்தது.

“நீதாம்மா. எனக்குத் தெரியுது” என்றாள் இந்துமதி. பிறகு போனை அணைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அப்பாட்ட சொல்லிருக்கலாம்லம்மா.”

உமாராணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோறு வடிக்கிற நேரம் முழுக்க அவள் அழுகிற சத்தம் கேட்டது. மகாராஜன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

பாய்ச்சலை எடுக்கிற அன்று பெவின் கார் அனுப்பினார். இந்துமதியும் கூடப் போனாள். பழைய துறைமுகத்தில் இரண்டு தோணிகளை அருகருகே கட்டியிருந்தார்கள். உமாராணிக்குக் குடை நிழலில் நாற்காலி போட்டார்கள். கதாநாயகி யுஸ்ரா காயல்பட்டினத்துப் பெண், பதினாறு வயது, கராத்தே போட்டி ஒன்றில் பார்த்து எடுத்தார்களாம். இடுப்பில் பட்டை கட்டி, மேலே இரும்புக் கயிறு மாட்டியிருந்தார்கள். பெவின் அவளை அழைத்து வந்து, இவங்கதான் முதல்ல குதிச்சவங்க என்று சொன்னார். யுஸ்ரா கண்ணை விரித்தாள்.

“கயிறு இல்லாமலா?”

“ஆமா. பட்ட அறுக்குதா மக்கா?”

“ரெண்டு பக்கமும் கன்னிப்போச்சு” என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

“வீட்ல தெரியுமா?” என்று உமாராணி கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பழைய கேள்வி என்று அவளுக்கே உறைத்தது.

“வாப்பாதான் கூட்டிட்டு வந்தாங்க. இதுக்குன்னே துபாய்ல லீவு சொல்லிட்டு வந்திருக்காங்க. அந்தா நிக்கிறாங்க. ஆனா குதிக்கிறதப் பாக்க மாட்டாங்க, பயம்.”

துறை ஓரத்தில் ஒருவர் தோணிகளுக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெயர் ஹாரிஸ் என்றார்கள். உமாராணி காலை இழுத்து இழுத்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். பெவின் குரல் கொடுத்தார். யுஸ்ரா ஓடிவருகிற சத்தம் பலகையில் கேட்டது. ஹாரிஸ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அந்தப் பெண் எழும்பினாள், சுழன்றாள், அந்தப் பக்கம் போய் இறங்கினாள். பின்னல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

“எறங்கிட்டா. நல்லா இருக்கா. திரும்பிப் பாருங்க” என்றாள் உமாராணி.

அவர் திரும்பினார். மகள் கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். உமாராணி அதற்கு மேல் அங்கே நிற்காமல் இந்துமதியைக் கூப்பிட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

கார் உப்பளங்களைத் தாண்டும்போது இந்துமதி கேட்டாள்: “எம்மா, அன்னைக்குக் குதிக்கும்போது பயமா இருந்துச்சா?”

“குதிக்கும்போது ஒண்ணும் தெரியல” என்றாள் உமாராணி. “வீட்டுக்குப் போவும்போதுதான் பயமா இருந்துச்சு.”

இந்துமதி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.