எல்லோருக்கும் வேர்த்த அறை

ராமநாதபுரத்தில் சில வருடங்களுக்கு முன் ஹாட் யோகா வகுப்பு ஒன்று நடந்தது. ஜன்னல்களை அடைத்து, ஹீட்டர் போட்டு, அந்தச் சூட்டில் ஆசனம் செய்ய வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டர் வேறயா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். முதுகுவலிக்காக நான் சேர்ந்தேன்.

என்னைப் போலவே கற்றுக்கொள்ள வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சரை அங்கேதான் பார்த்தேன். ஐம்பதை ஒட்டிய வயது, நெடிய உருவம், கழுத்தில் சிலுவை கோர்த்த மெல்லிய சங்கிலி. உச்சிப்புளியிலிருந்து பஸ்ஸில் வருவார். நாங்கள் எல்லோரும் விலகி உட்காரும் ஹீட்டர் பக்கத்தில்தான் எப்போதும் பாயை விரிப்பார்.

"ஏன் டீச்சர் இங்கனயே உக்காருறீக? அனல் அடிக்கலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு பீரியட்ஸ் நிக்கிற வயசு தாயி. பாடம் நடத்தயில திடீர்னு வேர்த்து ஊத்தும். பிள்ளைக என் மூஞ்சியவே பாக்கும். இங்கன எல்லாருக்கும்ல வேர்க்குது" என்று சிரித்தார்.

பிறகு ஒரு மாலை வகுப்பின் நடுவே கரண்ட் போனது. ஜன்னலைத் திறந்ததும் வந்த காற்றில் எங்கள் வேர்வை காய்ந்துவிட்டது. அவருக்கு மட்டும் ஊற்றியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் துண்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வேர்த்தா வேர்த்துட்டுப் போகுது. நீங்க செய்யிங்க" என்று சொல்லிவிட்டுக் கைகளை உயர்த்தி நிதானமாக நின்றார்.

ஆள் சேராமல் அந்த வகுப்பை மூடிவிட்டார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. இப்போது எனக்கும் அந்த வயது. நேற்று ரேஷன் கடை வரிசையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. முன்னால் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையைத் தேடிய கை பாதியில் நின்றது. டீச்சர் இப்போது எங்கே இருப்பாரோ என்று நினைத்துக்கொண்டே, துடைக்காமல் நின்றேன்.