இரண்டு பேர் போட்ட உப்பு

1991இல் நாங்கள் மண்ணூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பவில்லை. அவருக்குப் பென்னலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். எனக்குப் பகல் வேலை, எலக்ட்ரானிக் தராசு செய்யும் சின்ன யூனிட்டில் புரோகிராம் எழுதுவது. நான் திரும்புமுன் அவர் கிளம்பியிருப்பார். அவர் வருமுன் நான் போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமையை ஓவர்டைம் விழுங்கிவிடும். இதற்குப் பெயர் குடித்தனமாம்.

அந்தத் தராசுக்குள் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒன்று எடையை அளந்து நினைவகத்தில் எழுதும், மற்றது அதைப் படித்துத் திரையில் காட்டும். எடையைக் கொடுக்காமல், எடை இருக்கும் இடத்தைச் சுட்டும் பாயின்டரை மட்டும் நான் கொடுத்திருந்தேன். அளக்கிற இவன் எழுதி முடிப்பதற்குள் காட்டுகிற அவன் படித்துவிடுவான். 199 கிலோ 200 ஆகும் நேரத்தில், முதல் இலக்கம் மட்டும் மாறியிருக்க, 299 என்று காட்டும்.

"இன்னாம்மா, உன் மிஷின் வாய்க்கு வந்தத சொல்லிக்கினு கீது?" என்று சூப்பர்வைசர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டிலும் அதே கூத்துதான். வெள்ளிக்கிழமை சாம்பாரைப் பாதியில் இறக்கிவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். அவர் வந்து தாளித்துச் சாமிக்குப் படைப்பார். படைக்குமுன் ருசி பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நான் உப்பு போட்டேனா என்று கேட்க ஆள் ஏது? அவரும் போட்டுவிடுவார். மாலையில் அந்த உப்புக்கரிப்பை வாயில் வைத்ததும், ஆளில்லாத வீட்டில் அவரைத் திட்டுவேன். உள்ளூர சந்தோஷமாகவும் இருக்கும், அவர் கை பட்டிருக்கிறதே என்று.

தராசுக்கு வழி கிடைத்தது. அளந்து முடித்த எடையை முழுசாகப் பிரதி எடுத்து அனுப்பினேன். பிறகு இவன் என்ன எழுதினாலும் அவனிடம் இருப்பது மாறாது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அவருக்குத் தனிப் பாத்திரம், எனக்குத் தனிப் பாத்திரம், அவரவர் உப்பு அவரவருக்கு. சாம்பார் சரியாக இருந்தது. அவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்பதற்குத்தான் அடையாளமே இல்லாமல் போயிற்று. ஏங்கிப்போனேன்.

ஒரு திங்கட்கிழமை வேண்டுமென்றே பஸ்ஸை விட்டேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் பதறிவிட்டார்.

"இன்னா ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லீங்க. உங்கள பாக்கணும் போல இருந்துச்சு."

"அதுக்கு ஏன் அழுற, பைத்தியம்?" என்று சிரித்தார்.

சோறு போட்டேன். பேச எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டவர் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார், கையில் சோற்றுப் பருக்கை காயக் காய. நேரிலேதான் இருந்தார். எழுப்ப மனசு வரவில்லை.